நைட் கார்டுக்கு வெந்நீர் ஆகாது

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தரும் நைட் கார்டு, பல்வரிசையில் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். நாம் கொடுக்கும் காசு அந்தப் பொருத்தத்துக்குத்தான். அதனால் எப்படிச் சுத்தம் செய்தாலும் அதன் வடிவமும் வழவழப்பும் கெடக் கூடாது.

காலையில் கழற்றும்போது இரண்டு பக்கக் கடைவாயிலும் விரல் கொடுத்துச் சமமாக எடுங்கள். ஒரே பக்கமாக நெம்பினால் நாளடைவில் விரிசல் விடும். எடுத்த கையோடு குழாய்த் தண்ணீரில் அலசிவிடுங்கள். காபி குடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாஷ்பேசின் ஓரத்தில் வைத்தால், ஈரமாக இருக்கும்போதே நீரோடு போயிருக்க வேண்டிய எச்சில் காய்ந்து படலமாக ஒட்டிக்கொள்ளும். கிருமி பெருகுவதும் நாற்றம் பிடிப்பதும் அந்தப் படலத்தில்தான்.

அடுத்தது தேய்ப்பது. இதற்கென்றே ஒரு ஸாஃப்ட் பிரஷ் வாங்கி வையுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு போதும். வெளிப்பக்கம் சுலபம், உள்ளே, கடைவாய்ப் பற்கள் பதியும் குழிகளின் மூலையில்தான் அழுக்கு தங்கும். பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து நுனியால் ஒவ்வொரு குழியையும் சுழற்றித் தேயுங்கள். சோப்பு போக அலசியபின் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மங்கலாகத் தெரியும் இடத்தில் இன்னும் படலம் இருக்கிறது. கெட்டி அக்ரிலிக் கார்டு கைநழுவி விழுந்தால் உடையும். பேசினில் ஒரு துண்டை விரித்துக்கொள்வது நல்லது.

பற்பசை வேண்டவே வேண்டாம். பல்லின் எனாமலைவிட அக்ரிலிக் மிக மென்மையானது. பேஸ்டில் உள்ள தேய்ப்புத் துகள்கள் அதில் நுண்ணிய கீறல்களைப் போடும். பிறகு அந்தக் கீறல்களுக்குள் போன அழுக்கை எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. பல்பொடி, உப்பு, கரித்தூள் எல்லாம் இன்னும் மோசம்.

வெந்நீர் விஷயத்தில்தான் நம் வீடுகளில் தவறு நடக்கிறது. பால் புட்டியைக் கொதிக்கவைத்தே பழகிய கை இதையும் கொதிநீரில் போடத் துடிக்கும். கடையில் கிடைக்கும் ஒருவகைக் கார்டை வெந்நீரில் போட்டு இளக்கி, பல்லால் கடித்துத்தான் வடிவம் பதிக்கிறார்கள். சூடு பட்டால் வடிவம் மாறும் என்பதற்கு அதுவே சாட்சி. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

நன்றாகக் காற்றாட உலர்ந்தபின், துளையுள்ள பெட்டியில் வையுங்கள். பெட்டியையும் சில நாளுக்கு ஒருமுறை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். சில மருத்துவர்கள் அக்ரிலிக் கார்டைத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்வார்கள். அப்படியானால் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். டிஷ்யூவில் மட்டும் சுற்றி வைக்காதீர்கள், குப்பையோடு போய்விடும். நாய் வளர்ப்பவர்கள் எட்டாத உயரத்தில் வையுங்கள். எச்சில் வாசனைக்கு அது கடித்துக் குதறிவிடும்.

வாரம் ஒருமுறை ஊறவைக்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும், பல்செட்டைச் சுத்தம் செய்யும் மாத்திரையைக் கரைத்த தண்ணீரில், உறையில் சொன்ன நேரத்துக்கு மட்டும். இவ்வகை மாத்திரைகள் பலவற்றில் பெர்சல்ஃபேட் உண்டு. அது சிலருக்கு ஒவ்வாமை தருவதால் 2008-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. உறையில் எச்சரிக்கை போடச் சொன்னது. ஆகவே ஊறியதும் பலமுறை அலசுங்கள். வாயோ ஈறோ எரிந்தால் நிறுத்திவிடுங்கள். போர் தண்ணீர் புழங்கும் வீட்டில் வெள்ளையாக உப்புப் படியும். அதற்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் கரையும். ஊறவைக்க பிளீச்சோ ஆல்கஹால் கலந்த மவுத்வாஷோ வேண்டாம்.

இரவில் பல் தேய்க்காமல் கார்டை மாட்டாதீர்கள். பல்லிடுக்கில் உள்ள உணவு விடியும்வரை உள்ளே அடைபட்டுக் கிடக்கும்.

ஓட்டை விழுந்தாலோ, கீறல் ஓடினாலோ, திடீரென்று இறுக்கமாகவோ தொளதொளப்பாகவோ ஆனாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டுப் பசையால் ஒட்டுவதும் பிளேடால் செதுக்குவதும் கூடாது. வழக்கமான பரிசோதனைக்குப் போகும்போதும் பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள். பொருத்தத்தைச் சரிபார்ப்பார்கள்; அல்ட்ராசோனிக் கருவி இருந்தால், நம் பிரஷ்ஷுக்கு எட்டாத படிவுகளையும் நீக்கித் தருவார்கள்.