அண்ணாந்து பார்ப்பவருக்கு உரிய பதில்

சிரஞ்சீவி தம்பிக்கு,

புதிதாக வாங்கிய ட்ரோனைக் கிராமத்துப் பக்கம் பறக்கவிட்டபோது நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டதையும், நீ விதிகளை எடுத்துச் சொல்லியும் அவர்கள் சமாதானம் அடையாததையும் விஸ்தாரமாக எழுதி, ஜனங்களுக்கு இதை எப்படித்தான் புரியவைப்பது என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். அவர்கள் கேட்டது என்ன என்பதை நீ சரியாகக் காதில் வாங்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் உன் பக்கம் இருப்பது வாஸ்தவம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, 2 கிலோ வரை எடையுள்ள யந்திரத்தை வியாபார நோக்கமின்றிப் பறக்கவிடுகிறவனுக்கு விமானிச் சான்றிதழ் வேண்டியதில்லை. வான்வெளி வரைபடத்தில் தடையோ கட்டுப்பாடோ குறிக்கப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி இல்லாமலே பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள வட்டாரத்தில் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். இவ்வளவையும் நீ மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். ஆனால் வந்து நிற்பவரிடம் முதல் வார்த்தையாக இவற்றை ஒப்பிப்பது அவிவேகம். ஏனெனில் அவர் சட்டத்தைப் பற்றி விசாரிக்க வரவில்லை. ‘உன்னை இங்கே அனுப்பியது யார்?’ என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நாட்களில், திருப்பூர்ப் போலீசார் வெளியிட்ட ட்ரோன் காட்சியில், கேரம் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்கள் தலைக்கு மேலே வந்து நின்ற யந்திரத்தைக் கண்டு சிதறி ஓடியதையும், ஒருவர் கேரம் பலகையாலேயே தம்மை மறைத்துக்கொண்டதையும் பார்த்து நாமெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஓடியவர்களுக்கோ அது சிரிப்பு அல்ல. அதே மாதத்தில்தான் கிராமக் குடியிருப்பு மனைகளை ட்ரோன் கொண்டு அளக்கும் ‘ஸ்வமித்வா’ திட்டத்தை மத்திய அரசாங்கம் துவக்கியது. ஆகவே வரப்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்க்கிற பெரியவர், ‘சர்வேயா தம்பி? ரோடு போடப் போறாங்களா?’ என்று கேட்டால், அதை அறியாமை என்று எண்ணிவிடாதே. ஆகாயத்திலிருந்து தம்மைப் பார்க்கிறவன் அதிகாரத்தைச் சேர்ந்தவனாகத்தான் இருப்பான் என்பது அவர் கண்ட அனுபவம். ‘இல்லைங்க ஐயா, இன்ன ஊர், இன்னார் மகன்; ஏரியைப் படம் பிடிக்க வந்தேன்’ என்று நீ சொல்லும் ஒரு வாக்கியத்தில் அவருடைய கவலையில் பாதி தீர்ந்துபோகும். அதையே, ட்ரோனைப் பறக்கவிடுவதற்கு முன்பே, பக்கத்து டீக்கடையிலும் களத்துமேட்டிலும் சொல்லிவைத்தால் மீதிப் பாதியும் எழாது.

பறந்துகொண்டிருக்கும்போது ஒருவர் வந்தால், கண்ணைத் திரையிலிருந்தும் வானத்திலிருந்தும் எடுத்து அவரோடு வாதம் செய்யாதே. அரை மணி நேரம் தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் பாட்டரி, காற்று எதிர்த்தால் அவ்வளவு தாங்காது. தர்க்கம் வளர வளர அது தீர்ந்துகொண்டிருக்கும். ‘ஒரு நிமிஷம் பொறுங்கள், இறக்கிவிட்டு வந்து பேசுகிறேன்’ என்று சொல்லி இறக்கு. இறங்கும் யந்திரத்தை நோக்கிக் குழந்தைகள் ஓடிவருவது சகஜம். சுழலும் இறக்கை பிஞ்சு விரல்களுக்கு ஆபத்து. ஆகையால் அவர்களைத் தடுத்து நிறுத்தவும், வந்தவருக்கு மரியாதையாகப் பதில் சொல்லவும் ஒரு சிநேகிதனை எப்போதும் உடன் அழைத்துச் செல்.

‘இதில் ஒன்றும் தெரியாது’ என்று எவரிடமும் பொய் சொல்லாதே. 100 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே நோக்கும் சாதாரண அகலக்கோண லென்சில், 4கே காட்சியின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் ஏறக்குறைய நாலு சென்டிமீட்டரை அடக்கும். மனிதத் தலை நாலைந்து புள்ளிகளுக்குள் முடிந்துவிடும், ஆளை அடையாளம் காண இயலாது. 10 மீட்டருக்கு இறங்கிச் சாய்த்துப் பார்த்தால் முகம் நன்றாகவே தெரியும். இந்த வித்தியாசத்தைத் திரையிலேயே காட்டு. தம் வீட்டுக் கூரையைத் தாமே பார்த்துவிட்டவர் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே திரும்புவார். அப்படியும் ‘என் படம் வேண்டாம்’ என்று சொன்னால், அவர் எதிரிலேயே அழித்துவிடு. வடாம் காயப்போட்டிருக்கும் மொட்டைமாடிக்கும், படித்துறைக்கும் மேலே, யாரும் ஆட்சேபிக்காவிட்டாலும் போகாதே.

போலீஸ்காரர் வந்தால் பதிவெண்ணையும் மண்டல வரைபடத்தையும் பணிவோடு காட்டு. பிரமுகர் வருகையை முன்னிட்டு மாவட்ட நிர்வாகம் தற்காலிகத் தடை விதித்திருக்கக்கூடும். அதை அன்று காலையிலேயே விசாரித்து அறிவது உன் பொறுப்பு. அவர் விதியை அறியாதவராகவே இருந்தாலும், ‘போய்விடு’ என்றால் அன்றைக்குப் போய்விடு. நியாயத்தை மறுநாள் மேலதிகாரியிடம் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளலாம்.

நீ வீம்பு பேசி ஜெயித்துவிட்டு வந்த ஊரில் அடுத்துப் பறக்கவிட வருகிறவனுக்குக் கிடைப்பது வசவுதான் என்பதை மறவாதே. விசையை இயக்கும் சாமர்த்தியம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். கேட்டவருக்கு இன்முகத்தோடு பதில் சொல்லும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்