ஓட்டுநரும் மருந்தும்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

காஞ்சிபுரம் வட்டாரத்தில் வாடகை வாகனம் ஓட்டுவது பல குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில். விடியுமுன் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பணியாளரை ஏற்றிச் செல்லும் வேன்கள், முகூர்த்த மாதங்களில் பட்டெடுக்க வருவோரின் கார்கள், திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலையும் நகரின் பிற கோயில்களையும் காண வருவோரின் சுற்றுலாப் பேருந்துகள் என இவ்வூர்ச் சாலைகளில் வண்டிகளுக்குக் குறைவில்லை. இவற்றை ஓட்டுவோருக்கு உறக்கம் மட்டும் குறைகிறது. அந்தக் குறையை மாத்திரையாலோ மதுவாலோ ஈடுகட்ட முயல்வதால் நேரும் தீங்கையும், அதிலிருந்து மீளும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பழக்கம் தொடங்கும் விதம்

போதையை நாடியே எல்லோரும் இப்பழக்கத்திற்கு ஆளாவதில்லை. நெடுநேரம் அமர்ந்து ஓட்டுவதால் வரும் முதுகுவலிக்கு டிரமடால். இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குவதற்கு அல்பிரசோலம். இருமலுக்குக் கோடீன் கலந்த மருந்து. கண் அயராதிருக்கப் புகையிலை. களைப்பு நீங்க மது. முதலில் ஒன்று போதும். நாளடைவில் உடல் பழகிவிடுவதால் அதே பயனுக்கு இரண்டு, மூன்று தேவைப்படும். டிரமடால் அபினி வகையைச் சார்ந்த வலிநீக்கி. இது தவறாகப் பயன்படுத்தப்பட்டதாலேயே 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.

மூளையில் நிகழ்வது

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். பிரேக்கை மிதிக்க ஒரு நொடி தாமதமானால், ஒரு பேருந்தின் நீளத்தையும் தாண்டி முன்சென்றிருப்போம். மதுவும் உறக்க மருந்துகளும் அந்த ஒரு நொடியைத்தான் திருடுகின்றன. இரண்டும் சேர்ந்தால் மயக்கம் பன்மடங்காகும். கஞ்சா, தொலைவையும் நேரத்தையும் கணிக்கும் திறனைக் குலைக்கும். ஊக்க மருந்துகளோ களைப்பை மறைக்குமேயன்றிப் போக்குவதில்லை. அவற்றின் வேகம் தணிந்ததும் உறக்கம் திடீரென வந்து அழுத்தும்.

இவற்றுள் பேராபத்தானது வேறொன்று. தன் நிலையைத் தானே எடைபோடும் அறிவுதான் முதலில் மங்குகிறது. ஆகவே, “நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்” என்று ஓட்டுநர் சொல்வது பொய்யாக இராது. அவர் அவ்வாறே உணர்கிறார். அவர் சொல்லை மட்டும் நம்பி வண்டியை எடுக்கவிடலாகாது.

பழக்கமே இல்லாதவரும் கவனமாயிருக்க வேண்டும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் குளோர்பெனிரமின், செட்டிரிசின் போன்ற மாத்திரைகளும் பலருக்கு உறக்கம் வரவழைக்கும்.

வீட்டில் காணும் அறிகுறிகள்

சட்டைப்பையிலும் வண்டியிலும் காலியான மாத்திரை அட்டைகள், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல், தொடர்ந்த மலச்சிக்கல், காரணமற்ற எரிச்சல், மருந்து கிடைக்காத நாளில் உடல்வலியும் வியர்வையும், வண்டியில் அடிக்கடி புதிய கீறல்கள். இவற்றுள் ஒன்று மட்டும் இருப்பதால் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். பல சேர்ந்து தென்பட்டால் மருத்துவரை நாடுங்கள்.

செய்ய வேண்டியவை

மருத்துவரிடம் நோயைச் சொல்லுமுன், “நான் வண்டி ஓட்டுபவன்” என்று சொல்லுங்கள். உறக்கம் வரவழைக்காத மாற்று மருந்து பல நோய்களுக்கு உண்டு.

நாட்பட்ட பழக்கத்தை ஒரே நாளில் தாமாக நிறுத்தலாகாது. மதுவையும் அல்பிரசோலத்தையும் திடீரென விட்டால் வலிப்பும் சித்தப் பிரமையும் உண்டாகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாக விடுவதே உயிருக்குப் பாதுகாப்பு.

இது ஒழுக்கக்கேடு அன்று. மருத்துவத்தால் சீராகும் நோய். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஆலோசனை பெறலாம். சென்னையில் 1980 முதல் டி.டி.கே. மருத்துவமனை இதற்கெனவே இயங்கிவருகிறது. 14446 என்ற கட்டணமில்லா தேசிய எண்ணிலும் வழிகாட்டுவர்.

போதையில் இருப்பவரிடம் அப்போது வாதிட்டுப் பயனில்லை. சாவியை எடுத்து வையுங்கள். உரிமையாளரிடம் மாற்று ஓட்டுநரைக் கேளுங்கள். ஒரு நாள் வாடகை போனால் மறுநாள் ஈட்டலாம். போதையில் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி முதல்முறையே ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இது மதுவுக்கு மட்டுமன்று, பிற போதைப்பொருள்களுக்கும் பொருந்தும்.

ஓய்வு கேட்பதும் உரிமையே. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் போக்குவரத்து நிறுவனங்களில் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையையும், ஐந்து மணி நேரத்திற்குள் அரைமணி இடைவேளையையும் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. உறக்கத்திற்கு ஈடான மாத்திரை எதுவும் இல்லை. கண் சொக்கினால் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் உறங்குவதே உடனடி மருந்து. முழு ஓய்வு பின்னர் கட்டாயம் வேண்டும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, கடையில் தாமாக வாங்கியவை உட்பட ஓட்டுநர் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு எடுத்து வாருங்கள். எது வண்டியோட்டத் தகும், எது தகாது என்பதை மருத்துவரும் மருந்தாளுநரும் பிரித்துச் சொல்வர்.