800 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 11,300 போச்சு: கார்ல போன் ஹோல்டர், சார்ஜர் வாங்குற கணக்கு

வழக்கமா எஸ்.ஐ.பி., டாக்ஸ், டெர்ம் இன்சூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு சின்னப் பொருளைப் பத்தி. கார்ல போன் மாட்டுற ஹோல்டரும் அதுக்கான சார்ஜரும். "இதுல என்ன பைனான்ஸ் இருக்கு?"னு கேட்காதீங்க. எனக்கு இந்தப் பாடத்துக்கு ஆன செலவு 11,300 ரூபாய்.

லாங் வீக்எண்ட் முடிஞ்சு ஊர்லேர்ந்து சென்னைக்குத் திரும்பிட்டு இருந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டுல பெருங்களத்தூர் நெரிசல் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மேப் ஓடுற போன் என் மடியில. மேம்பாலமா, கீழ போற ரோடான்னு ஒரு சந்தேகம். பிரேக் போட்டதும் போன் நழுவிக் கால்கிட்ட விழுந்துடுச்சு. வண்டி 20 கிலோமீட்டர் வேகத்துலதானே போகுதுன்னு குனிஞ்சேன். நிமிர்றதுக்குள்ள முன்னாடி இருந்த கார் மேல போய் இடிச்சிட்டேன்.

யாருக்கும் அடி இல்ல. அந்தக் கார்க்காரருக்கு அங்கேயே 3,500 ரூபாய் கொடுத்தேன். என் வண்டி முன் பம்பர், பெயின்ட், லேபர் எல்லாம் சேர்த்து 7,800. ஒரு மாசமா என் ஆன்லைன் கார்ட்டுல 800 ரூபாய் ஹோல்டர் ஒண்ணு கிடந்துச்சு. "ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு 800 ரூபாயா?"னு வாங்காம விட்டிருந்தேன்.

இன்சூரன்ஸ் இருக்கே, கிளெய்ம் பண்ண வேண்டியதுதானே?

நானும் அப்படித்தான் நினைச்சேன். பேப்பர்ல கணக்குப் போட்டதும் மனசு மாறிடுச்சு.

பம்பர் பிளாஸ்டிக். ஜீரோ டெப் கவர் இல்லன்னா பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% தேய்மானம் கழிப்பாங்க. என் பில்லுல பம்பர் 4,800. அதுல கிடைக்கிறது 2,400. மீதி 3,000-த்தை அப்படியே கொடுத்தாங்கன்னு வச்சாலும் மொத்தம் 5,400. 1500 சிசி வரைக்குமான காருக்கு, ஒவ்வொரு கிளெய்ம்லயும் கட்டாயமா நாம ஏத்துக்க வேண்டிய தொகை 1,000 ரூபாய். கைக்கு வர்றது அதிகபட்சம் 4,400.

இப்போ இழக்கிறது எவ்வளவுன்னு பார்ப்போம். கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்துல நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி உண்டு. 20, 25, 35, 45, 50 சதவீதம்னு வருஷா வருஷம் ஏறும். ஒரே ஒரு கிளெய்ம் பண்ணினாலும் அடுத்த ரின்யூவல்ல அது பூஜ்யம் ஆகிடும். போனஸை அப்படியே காப்பாத்துற ஆட்-ஆன் ஏற்கெனவே எடுத்திருந்தா மட்டும் கதை வேற.

அப்போ எனக்கு இருந்தது 25%. கிளெய்ம் பண்ணலன்னா அடுத்த மூணு ரின்யூவல்ல 35, 45, 50. பண்ணினா 0, 20, 25. வித்தியாசம் 35 + 25 + 25, ஆக 85%. தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் வருஷம் சுமார் 8,000-ன்னு வைங்க. மூணு வருஷத்துல இழப்பு 6,800 ரூபாய். அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. வேற.

4,400 வாங்குறதுக்காக 6,800 விடணுமா? கையிலேர்ந்தே கட்டிட்டேன். சின்ன டேமேஜுக்கு கிளெய்ம் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்க.

போலீஸ் பிடிச்சா?

மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம், வண்டி ஓட்டும்போது கையில போன் பிடிக்கிறது 184-வது பிரிவுப்படி ஆபத்தான ஓட்டுதல். முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா 6 மாசம் முதல் 1 வருஷம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். மூணு வருஷத்துக்குள்ள மறுபடி மாட்டினா அபராதம் 10,000 ரூபாய், சிறை 2 வருஷம் வரைக்கும் போகலாம். 2020 அக்டோபர்லேர்ந்து நடைமுறையில இருக்கிற விதிப்படி, வழி பார்க்கிறதுக்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம். அதுவும் ஓட்டுறவர் கவனம் சிதறாத மாதிரி. அதனால ஹோல்டர்ல மாட்டிட்டு ரீல்ஸ் பார்க்கலாம்னு யாரும் நினைக்காதீங்க.

ஹோல்டர்: எதை வாங்கணும், எங்க மாட்டணும்?

*ஏசி வென்ட்ல மாட்டுறது:* விலை கம்மி, போனுக்குக் குளிர்ந்த காத்தும் கிடைக்கும். ஆனா கனமான போன்னா வென்ட்டோட மெல்லிய தகடு உடையலாம். கிளிப் மட்டும் இருக்கிறதை விட, பின்னாடி கொக்கி போட்டுத் திருகி இறுக்குற மாடல் பரவாயில்ல.

*சக்‌ஷன் கப்:* டேஷ்போர்டு இல்ல முன் கண்ணாடியில ஒட்டும். ஆனா நம்ம ஊர் மே மாச வெயில்ல நிறுத்தி வச்ச கார்ல பிடிப்பு விட்டுடும். கண்ணாடியில ஒட்டுறதா இருந்தா ரோட்டை மறைக்காத மாதிரி கீழ் ஓரத்துல ஒட்டுங்க.

*காந்தம்:* ஒரு கையால வைக்க, எடுக்க வசதி. மேடு பள்ளத்துல விழாத அளவுக்குப் பிடிப்பு இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

எதை வாங்கினாலும் ஏர்பேக் விரியுற இடத்துல மட்டும் மாட்டாதீங்க. 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்'னு எழுதியிருக்கிற மூடிக்கு மேலயும் அதுக்கு நேர் எதிர்லயும் எதுவும் இருக்கக் கூடாது. ஏர்பேக் விரியும்போது போன் குண்டு மாதிரி பறக்கும்.

சார்ஜர்: வாட் கணக்கைப் பாருங்க

"சார்ஜ்ல போட்டிருந்தும் பேட்டரி இறங்குதே!" அப்படின்னு நிறைய பேர் சொல்றாங்க. காரணம் சிம்பிள். நிறைய கார்கள்ல கூடவே வர்ற யு.எஸ்.பி. போர்ட் பாட்டு கேட்கிறதுக்காகக் கொடுத்தது. சாதாரண யு.எஸ்.பி. 2.0 போர்ட்னா 5 வோல்ட், 0.5 ஆம்பியர். பெருக்கினா 2.5 வாட். ஜி.பி.எஸ்., டேட்டா, முழு வெளிச்சத்துல ஸ்கிரீன் எல்லாம் ஒண்ணா ஓடும்போது போன் அதை விட அதிகமா சாப்பிடும்.

12 வோல்ட் சாக்கெட்ல, அதாவது பழைய சிகரெட் லைட்டர் ஓட்டையில, செருகுற சார்ஜர் வாங்குங்க. டைப்-சி, பி.டி. வசதியோட 20 முதல் 30 வாட் போதும். 100 வாட்டுக்கு மேலன்னு பெரிய நம்பர் போட்டு விக்கிறதைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்க போன் எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் வாங்கும். கேபிள் நல்லதா, அரை மீட்டர் நீளத்துல இருக்கட்டும். நீளக் கேபிள் கியர்ல சுத்திக்கும்.

"கார்ல சார்ஜ் போட்டா ஃப்ரீதானே?"

இல்ல. 5,000 எம்.ஏ.எச். பேட்டரி நிரம்ப, வழியில வீணாகிறதையும் சேர்த்து சுமார் 25 வாட்-அவர் வேணும். வீட்டுல யூனிட் 8 ரூபாய்னா அது 20 பைசா. கார்ல அந்தக் கரண்ட் பெட்ரோல்லேர்ந்து வருது. என்ஜின்லயும் ஆல்டர்னேட்டர்லயும் பெரும்பகுதி வீணாகி, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமாரா 1.2 யூனிட் கரண்ட் கிடைக்கும். லிட்டர் 100 ரூபாய்னா ஒரு ஃபுல் சார்ஜுக்கு ஏறக்குறைய 2 ரூபாய். வீட்டை விடப் பத்து மடங்கு. ஆனாலும் 2 ரூபாய்தான், அதுக்காகக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது சூட்டைப் பத்தி.

வெயில் நேரா படுற இடம், சார்ஜிங், ஜி.பி.எஸ். மூணும் சேர்ந்தா போன் கொதிக்கும். ஐபோனை 35 டிகிரி செல்சியஸ் வரைக்குமான சூழல்லதான் பயன்படுத்தணும்னு ஆப்பிளே சொல்லுது. சூடு அடிக்கடி ஏறினா லித்தியம் பேட்டரி ஆயுள் குறையும், பேட்டரி மாத்துற செலவு சில ஆயிரம். அதனாலதான் வயர்லெஸ் சார்ஜிங் ஹோல்டரை நான் சிபாரிசு பண்றதில்ல. விலையும் அதிகம், சூடும் அதிகம். போன் தொட்டா சுடுதுன்னா ஓரமா நிறுத்தி வயரைக் கழட்டி விடுங்க. வண்டியை நிறுத்திட்டுப் போகும்போது போனைக் கார்லயே விட்டுட்டுப் போகாதீங்க.

ஹோல்டர் வாங்கிட்டா எல்லாம் சரியாகிடுமா?

ஆகாது. 60 கிலோமீட்டர் வேகத்துல ஒரு நொடிக்குக் கார் 16 மீட்டருக்கு மேல ஓடும். ரெண்டு நொடி ஸ்கிரீனைப் பார்த்தா 33 மீட்டர் கண்ணை மூடிட்டு ஓட்டின மாதிரி. ஹோல்டர் கையை விடுவிக்கும், கண்ணை விடுவிக்காது. அதனால நான் வச்சிருக்கிற பழக்கம் இது:

1. சாவி போடுறதுக்கு முன்னாடி மேப்ல இடத்தைப் போட்டுடுவேன்.
2. வழி சொல்ற குரலைச் சத்தமா வைப்பேன். காது கேட்டா கண்ணுக்கு வேலை கம்மி.
3. 'டிரைவிங்' மோடு ஆன் பண்ணி நோட்டிஃபிகேஷனை நிறுத்திடுவேன்.
4. மேனேஜர் கால் வந்தா, வண்டியை ஓரம் கட்டிட்டுத்தான் பேசுவேன். ஹேண்ட்ஸ்-ஃப்ரீன்னாலும் மனசு மீட்டிங்குக்குப் போயிடும்.
5. வழி தப்பினா தப்பட்டும். அடுத்த யு-டர்ன்ல திரும்பினா பத்து ரூபாய் பெட்ரோல்தான்.

கடைசியா பட்ஜெட்

ஹோல்டர் 700, சார்ஜர் 600, கேபிள் 200. மொத்தம் 1,500 ரூபாய். இதுக்கு இ.எம்.ஐ. வேண்டாம், கிரெடிட் கார்டு ஆஃபருக்காக மூணு மாசம் காத்திருக்கவும் வேண்டாம். இந்த மாசச் சம்பளத்துல ஒரு சினிமா, ஒரு ஹோட்டல் சாப்பாட்டைத் தள்ளி வச்சா முடிஞ்சது.

நாம பெரிய செலவைத்தான் ரொம்ப யோசிச்சுப் பண்றோம். சின்னச் செலவைத் தள்ளிப் போடுறதால வர்ற பெரிய செலவை யாரும் எக்செல்ல எழுதுறதில்ல. நான் எழுதி வச்சிருக்கேன்: 'ஹோல்டர் வாங்காதது, 11,300.'

இன்னைக்குச் சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து கிளம்பும்போது போன் எங்க இருக்குன்னு பாருங்க. மடியில இருந்தா, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா ஒரு ஹோல்டர் ஆர்டர் போடுங்க. பத்திரமா ஓட்டுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.