பழைய ஹோர்னட்டுக்கு 17 அங்குல முன்சில்லு

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கரையோரமாகச் செல்லும் வீதியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களுள், இளைஞர் மாத்திரமன்றி நரை கண்டவரும் ஆசையோடு திரும்பிப் பார்ப்பது ஹோண்டா ஹோர்னட் 250 ஆகும். 1996இல் ஜப்பானில் வெளிவந்து, அங்கே சில காலம் உபயோகிக்கப்பட்டபின் இலங்கைக்கு வந்து சேர்ந்த இவ்வாகனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 14,000 சுற்றுகளை எட்டும்போதுதான் தன் முழுச் சக்தியையும் காட்டும் சுபாவமுடையது. அத்தகைய எஞ்சின் ஆரோக்கியமாக இருக்க, முன் டயர் அகப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் வாகனம் முற்றத்தில் மூடிக் கிடப்பதைக் காணும்போது மனம் வேதனைப்படுகிறது. அதன் முன்சில்லு 16 அங்குலம். அதற்குரிய 130/70 டயர் நம்மூர்க் கடைகளில் இலேசில் கிடைப்பதில்லை. 17 அங்குல டயரோ கடைக்குக் கடை தொங்குகிறது. ஆகவே 17 அங்குலச் சில்லை மாட்டிவிடலாமா என்று கேட்போர் பலர். என் வாகனத்திலும் நண்பர் சிலரின் வாகனங்களிலும் இதைச் செய்து பார்த்த அனுபவத்தைக் கொண்டு, மாட்டலாம் என்றே சொல்வேன். ஆயினும் சில்லை வாங்குமுன் செய்யவேண்டிய காரியங்கள் உள.

இந்த 16 அங்குலம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிவது நல்லது. சிறிய சில்லு சுழலும்போது தன் நிலையை விடாது நிற்கும் பிடிவாதம் குறைவு என்பதால், வளைவுகளில் வாகனம் சடுதியாகத் திரும்பும். அதனால் 1980களின் முற்பகுதியில் சுசுகியின் ஆர்ஜி250 காமா, கவாசாகியின் ஜிபிஇசட்900ஆர் முதலியன 16 அங்குல முன்சில்லோடு வெளிவந்தன. 1992இல் தடாவோ பாபாவின் தலைமையில் ஹோண்டா உருவாக்கிய பயர்பிளேடும் முன்னே 130/70-16, பின்னே 180/55-17 என்ற அளவுகளையே ஏற்றது; நம் ஹோர்னட் 250 சுமப்பதும் அந்த 900 சிசி வாகனத்தின் அதே அளவுகள்தாம் என்பதை அறிந்தோர் சிலரே. பின்னர் 2000ஆம் ஆண்டில் ஹோண்டா, பயர்பிளேடையும் ஹோர்னட் 600ஐயும் 17 அங்குலத்துக்கு மாற்றிவிட்டது. எனவே இம்மாற்றத்தை வாகனத்தின் மரபுக்கு விரோதமென்று தூஷிக்க இடமில்லை. ஆனால் பயர்பிளேடில் அவர்கள் சில்லை மட்டும் மாற்றி நிறுத்திவிடவில்லை, சட்டகத்தையே புதிதாக அமைத்தார்கள் என்பதையும் மறத்தலாகாது.

அந்தச் சட்டகத்தை நாம் மாற்றப்போவதில்லை. ஆகையால், ரிம் எத்தனை அங்குலம் என்பதைவிட டயரோடு சேர்த்துச் சில்லின் முழு உயரம் எவ்வளவு என்பதே நமக்குப் பிரதானமான கேள்வி. கணக்கு எளிது: ரிம்மின் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி, டயரின் அகலத்தில் பக்கச்சுவரின் சதவீதத்தை எடுத்து, அதை இருமடங்காக்கிக் கூட்டவேண்டும். 130/70-16 டயரின் உயரம் 588 மில்லிமீற்றர். 120/70-17 டயருக்கு ஏறக்குறைய 600. 110/70-17 டயருக்கு 586. 120/60-17 டயருக்கு 576. ரிம் ஓர் அங்குலம் பெரிதானாலும் 110/70 டயரைப் போட்டால் வாகனத்தின் முன்பக்கம் ஒரு மில்லிமீற்றர் அளவே தாழ்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்த டயருக்கு மிகப் பொருத்தமான ரிம் அகலம் 3 அங்குலம். பெரிய வாகனங்களிலிருந்து கழற்றி விற்கப்படும் சில்லுகள் பெரும்பாலும் மூன்றரை அங்குலம். அவற்றில் 110ஐ இழுத்துப் போட்டால் டயரின் முகடு தட்டையாகி, சரிந்து வளையும்போது இயல்பான உருட்சி கெட்டுவிடும். மூன்றரை அங்குல ரிம்முக்கு 120 டயரே உகந்தது. ஆகவே டயரையும் ரிம்மையும் சேர்த்தே நிர்ணயிக்கவேண்டும்.

120/70-17ஐத் தேர்ந்தால் முன்பக்கம் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் உயரும். அற்பமாகத் தோன்றும் இந்த உயரம் ஹேன்டிலில் பிரத்தியட்சமாகத் தெரியும். ஹேன்டில் திரும்பும் அச்சுக்கோட்டை நிலம் வரை நீட்டினால் அது தொடும் இடத்துக்கும், டயர் நிலத்தைத் தொடும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரமே வாகனத்தின் நேரோட்டத்தைக் காப்பது; போர்க் ஏறக்குறைய 25 பாகை சாய்ந்த வாகனத்தில், சில்லு பெரிதாவதாலும் முன்பக்கம் உயர்வதாலும் அத்தூரம் 4 மில்லிமீற்றர் அளவு கூடும். காரைதீவிலிருந்து சம்மாந்துறை வயல்களை ஊடறுத்து அம்பாறைக்குப் போகும்போது வாகனம் முன்னிலும் அமைதியாக நேரே செல்லும். அதே சமயம், கல்முனைச் சந்தை நெரிசலில் சற்று அதிகமாக உந்தித் திருப்பவேண்டியிருக்கும். போர்க் குழாய்களை அவற்றின் பிடிகளில் 6 மில்லிமீற்றர் மேலே ஏற்றினால் இழந்த சுறுசுறுப்பில் ஒரு பகுதி மீளும். அப்படி ஏற்றியவர் மறக்கக்கூடாத ஒன்றுண்டு: டயரின் ஆரமும் கூடி, குழாயும் ஏறியமையால், போர்க் முழுதும் அமுங்கும்போது டயர் கீழ்ப்பிடிக்கு 12 மில்லிமீற்றர் கிட்ட வந்துவிடுகிறது. ஆதலால் போர்க்கின் சுருள்களைக் கழற்றிவிட்டு வாகனத்தை அடிவரை அமுக்கி, கீழ்ப்பிடி, ரேடியேட்டர், மட்கார்ட் ஆகியவற்றில் டயர் படுகிறதா என்று பார்த்தேயாகவேண்டும். இந்தப் பரீட்சையைச் செய்யாத வண்டியில் நான் ஏறமாட்டேன்.

இனி லேத் பட்டறைக் காரியம். சில்லை வாங்கிவந்து ஏதாவது வாசர் வைத்து நிரப்பிவிடலாம் என்று அவசரப்பட்ட ஓர் இளைஞனிடம், எங்கள் பகுதியில் நெடுங்காலம் லேத் வேலை செய்துவரும் ஒரு காக்கா சொன்ன வார்த்தை இது: "மனே, சில்லு நடுவுல நிக்கிறது பெரிய விசயமில்ல; டிஸ்க் கலிப்பருக்கு நடுவுல நிக்கணும், ரெண்டும் ஒண்டா வரணும்." டிஸ்க் பொருந்தும் முகத்துக்கும் சில்லின் மையக்கோட்டுக்கும் உள்ள தூரத்தைப் பழைய சில்லிலும் புதிய சில்லிலும் தனித்தனியே அளந்து, வித்தியாசத்தை எழுதி வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போவதே உசிதம். பேரிங்கின் உட்துளை நம் அச்சின் விட்டத்துக்குச் சரியாக இருக்கவேண்டும். இரு பேரிங்குகளுக்கும் இடையே ஹப்பின் உள்ளே மறைந்து நிற்கும் குழாய் குறைந்த நீளமுடையதாக இருந்தால், அச்சை இறுக்கும்போது பேரிங்குகள் உள்நோக்கி நசுங்கிச் சீக்கிரம் அழியும். வெளியே தெரியும் ஸ்பேசரை அழகாகக் கடைந்து தருவோர் பலர் இந்த உட்குழாயைப் பார்ப்பதே இல்லை.

கடலோரத்தில் வசிக்கும் நமக்கு இன்னொரு சிரத்தையும் வேண்டும். அலுமினியமும் உருக்கும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும். மருதமுனையிலோ ஒலுவிலிலோ கடற்காற்றுப்படும் வீட்டில் ஓராண்டு நின்ற வாகனத்தின் அச்சு, ஸ்பேசரோடு இறுகிப்போய்ச் சுத்தியலுக்கும் அசையாதிருப்பதைக் கண்டிருக்கிறேன். அச்சு முழுவதும் கிரீஸ் பூசி, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றித் துடைத்தால் அந்த அவஸ்தை இல்லை.

வேகமானியின் வயர் முன்சில்லிலிருந்து செல்லும் வாகனமானால், 120/70-17 போட்டபின் அது 60 காட்டும்போது மெய்யான வேகம் 61ஐச் சற்றே கடந்திருக்கும்; கவலைப்படத்தக்க பேதமன்று. ஆனால் வேகமானியை ஓட்டும் பற்சக்கரப் பெட்டி புதிய ஹப்போடு பொருந்துமா என்பதை வாங்குமுன் பார்க்கவேண்டும். பதிவுப் பத்திர விஷயத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலும், காப்புறுதி விஷயத்தைக் காப்புறுதி அலுவலகத்திலும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வதும் விவேகம்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் பொறித்த நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். வெயிலில் தொங்கிய பழைய டயரை மலிவென்று வாங்குவதிலும், கிடைக்குமானால் 130/70-16ஐயே வருவித்துப் பழைய சில்லோடு ஓட்டுவது மேல் என்பதே என் அபிப்பிராயம். மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால், கழற்றிய சில்லையும் அதன் டிஸ்க், ஸ்பேசர்களையும் விற்காது எண்ணெய் பூசி உறையிலிட்டு வையுங்கள். முதல் 50 கிலோமீற்றரை ஆள் நடமாட்டமற்ற வீதியில் மெதுவாக ஓட்டி, பிரேக்கைச் சிறிது சிறிதாகப் பழக்கி, திரும்பி வந்ததும் அச்சு நட்டையும் கலிப்பர் போல்ட்டுகளையும் இறுக்குமானியால் மறுபடி சரிபார்த்து, ஹப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கப் பேரிங்கோ பிரேக்கோ இறுகியிருக்கிறது, உடனே கழற்றவேண்டும்.