மரத்தில் பெண்டுலம் கடிகாரம்: சேலம், நாமக்கல் வெயிலுக்கு ஏற்றபடி

• பல்சக்கரங்களுக்குத் தரமான பிளைவுட் எடுங்கள். ஒற்றைப் பலகையில் அறுத்தால், ரேகைக்குக் குறுக்கே அமையும் பற்கள் எளிதில் ஒடிந்துவிடும்.

• பெண்டுலத் தண்டுக்கு நன்கு உலர்ந்த, நேர்ரேகைத் தேக்கு நல்லது. வெப்பம் 10 டிகிரி ஏறினால், இரும்புத் தண்டு போட்ட கடிகாரம் நாளுக்குச் சுமார் 5 வினாடி பின்தங்கும். மரம் அவ்வளவு நீளாது. மழைக்கால ஈரம் ஏறாமலிருக்க வார்னிஷ் பூசுங்கள்.

• வினாடிக்கு ஒரு வீச்சு வேண்டுமா? தொங்கும் இடத்திலிருந்து குண்டின் நடுப்பகுதி வரை சுமார் 99 செ.மீ. இருக்கட்டும்.

• மெதுவாக ஓடினால் குண்டை ஏற்றுங்கள். 1 மி.மீ. ஏற்றினால் நாளுக்குச் சுமார் 44 வினாடி முந்தும்.

• மரப் பற்களுக்கு எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டிச் சிக்கும். பென்சில் கரித்தூள் தடவினால் போதும்.

• சேலத்தில் சரிசெய்த கடிகாரம் ஏற்காட்டில் சற்றுப் பின்தங்கும். உயரத்தில் புவியீர்ப்பு குறைவு. அங்கே குண்டை மீண்டும் சரிசெய்யுங்கள்.