மேடு எது, சிகரம் எது?

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காக எம்ஐடி-பிஐஎச் தொகுப்பின் ஈசிஜி பதிவுகளில் ஆர் சிகரங்களை எண்ணுகிறேன். பக்கத்துப் புள்ளிகளைவிட உயர்ந்ததையெல்லாம் எடுத்தால் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் வருகிறது. வேவ்லெட் உதவுமா?

நிச்சயம் உதவும். தசை அசைவு எழுப்பும் சின்னச் சின்ன முட்களையும் உங்கள் நிரல் சிகரமென்று எண்ணுகிறது. மேட்டையும் மலையையும் பிரித்தறிய அதற்குக் கற்றுக்கொடுத்தால் போதும்.

'மெக்சிகன் தொப்பி' வேவ்லெட்டை எடுங்கள். நடுவில் மேடு, இருபுறமும் பள்ளம். ஆர் சிகரத்தின் சாயல் அதில் இருக்கிறது. அதைப் பல அகலங்களில் நீட்டி, பதிவின்மேல் நகர்த்துங்கள். வடிவம் பொருந்தும் இடத்தில் விடை பெரிதாக வரும். முட்கள் குறுகிய அகலத்தில் மட்டும் தலைகாட்டி மறையும். உண்மையான சிகரமோ அடுத்தடுத்த அகலங்களிலும் அதே இடத்தில் நிற்கும். அதை மட்டும் எண்ணுங்கள்.

அந்தத் தொகுப்பில் விநாடிக்கு 360 மாதிரிகள். எனவே குறுகிய ஆர் சிகரத்துக்கு ஏற்றபடி அகலத்தை 5 முதல் 15 மாதிரி வரை வையுங்கள். ஆர் சிகரத்தை அடுத்து வரும் அகன்ற டி அலை பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு சிகரம் கிடைத்ததும் 0.2 விநாடிக்கு, அதாவது 72 மாதிரிகளுக்கு, அடுத்ததைத் தேடாதீர்கள். அதற்குள் இதயம் மறுபடி துடிக்காது.

பள்ளங்கள் வேண்டுமென்றால், விடை எதிர்க்குறியில் ஆழமாக இறங்கும் இடங்களைப் பாருங்கள். உயர்ந்த சிகரத்தின் இருபுறமும் தொப்பியின் விளிம்பால் பொய்ப் பள்ளங்கள் தோன்றும். மூலப் பதிவில் சரிபார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த 48 பதிவுகளிலும் இதய மருத்துவர்கள் துடிப்புகளைக் குறித்துவைத்திருக்கிறார்கள். உங்கள் எண்ணிக்கையை அதோடு ஒப்பிடுங்கள். அதைவிட நல்ல தேர்வுத்தாள் கிடைக்காது.