பவுசரைக் கொளுவும் உயரம்: மலைப் பாதையில் தண்ணீர் கொண்டுவருவோருக்கு

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மாத்தளை மாவட்டத்தில் வீடுகளோடு சேர்த்து குழாய்களையும் பீலிகளையும் சேதப்படுத்தின. நீங்கள் இரத்தோட்டைப் பகுதிக்குத் திரும்பி வரும்போது, உங்கள் வீட்டுக்கோ லயனுக்கோ குழாய்நீர் இன்னும் வராமல் இருக்கலாம். அப்படியானால் சில காலத்துக்கு டிரக்டர் இழுத்துவரும் தண்ணீர் பவுசரை நம்பியே இருக்க வேண்டும்.

இந்தப் பாடம் டிரக்டர் சாரதிக்கும், தண்ணீர்க் குழுவில் இருப்போருக்கும், பவுசருக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் உரியது. பவுசரை எந்த உயரத்தில் கொளுவுகிறோம் என்பதில் சாரதியின் உயிரும் உங்களுக்குக் கிடைக்கும் தண்ணீரின் அளவும் தங்கியிருக்கின்றன.

முதலில் எடையை அறிந்துகொள்வோம்

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 2.4 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் 1 மீற்றர் உயரமும் உள்ள தாங்கி நிரம்பினால் ஏறக்குறைய 2,900 லீற்றர் பிடிக்கும். தண்ணீரின் எடை மட்டுமே கிட்டத்தட்ட 3 தொன். இதனுடன் தாங்கி, சட்டம், சில்லுகளின் எடையும் சேரும். நடுத்தர டிரக்டர் ஒன்றின் எடை 2 தொன் அளவுதான். அதாவது, இழுக்கும் வண்டியைவிட இழுபடும் பாரமே கூட. லேண்ட் மாஸ்டரால் இப்படியொரு பவுசரை மலைப் பாதையில் ஒருபோதும் இழுக்க வேண்டாம்.

உயரம் பிழைத்தால் என்ன நடக்கும்?

டிரக்டரின் கொளுவும் இடம் உயர்ந்தால்: பவுசரின் கை உயரமாக இருக்கிறது என்று, சிலர் அதை டிரக்டரின் மேற்புறத்திலோ கலப்பை பூட்டும் கைகளிலோ மாட்டுகிறார்கள். இதுவே மிக ஆபத்தானது. ஏற்றத்தில் பின் சில்லுகள் நிலத்தைப் பிடித்து நிற்க, பாரம் மேலிருந்து பின்னோக்கி இழுக்கும். முன் சில்லுகள் எழும்பி, டிரக்டர் சாரதியின் மேலேயே மல்லாந்து விழும். அதற்கு இரண்டு வினாடிகூட எடுக்காது. கிளச்சை மிதித்துத் தப்பிக்க நேரம் இருக்காது.

பவுசரின் மூக்கு உயர்ந்தால்: பாரம் பின்னுக்குச் சாயும். டிரக்டரின் பின் சில்லுகள் மீது இருக்க வேண்டிய அழுத்தம் குறையும். ஈரமான ஏற்றத்தில் சில்லு சுழலும். இறக்கத்தில் பவுசர் பக்கவாட்டில் ஆடும்.

பவுசரின் மூக்கு தாழ்ந்தால்: பாரம் டிரக்டரின் பின்பக்கத்தை அழுத்தும். முன் சில்லுகள் இலேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. தண்ணீரும் வீணாகும். மேலே சொன்ன தாங்கியின் முன்பக்கம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்து, திறப்புக் குழாய் பின்பக்க அடியில் இருந்தால், சுமார் 140 லீற்றர் வெளியே வராமல் தங்கிவிடும். அவசர காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தேவை என்று நிவாரணப் பணியில் கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் ஒன்பது பேருக்கு ஒரு நாளைக்குரிய தண்ணீர் தாங்கிக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

சரியான உயரத்தை அமைக்கும் முறை

1. டிரக்டரையும் பவுசரையும் சமதரையில் நிறுத்துங்கள். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எல்லா டயர்களுக்கும் சரியான அளவு காற்று இருக்க வேண்டும்.

2. டிரக்டரின் அடியில், தயாரித்தவர்கள் இழுவைக்கென்றே வைத்த தாழ்ந்த இழுவைச் சட்டத்தில் மட்டும் கொளுவுங்கள். வேறு இடம் வேண்டாம்.

3. தாங்கியை முழுவதும் நிரப்புங்கள். வெறும் தாங்கியில் அளந்தால் பிழைக்கும்; பாரம் ஏறியதும் டயர்கள் அமுங்கும்.

4. பவுசர் சட்டத்தின் முன் மூலைக்கும் பின் மூலைக்கும் நிலத்திலிருந்து உள்ள உயரத்தை நாடாவால் அளவுங்கள். இரண்டும் ஒரே அளவாக வர வேண்டும். தரை சமமா என்று சந்தேகமிருந்தால், மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்துங்கள்.

5. அளவு வேறுபட்டால் தாங்கியை வெறுமையாக்கி, பவுசரின் கையில் உள்ள கண்ணை மேலே அல்லது கீழே மாற்றிப் பூட்டுங்கள். மாற்றத் துளைகள் இல்லையென்றால் வேலைத்தளத்தில் செய்விக்க வேண்டும். பவுசருக்காக டிரக்டரின் கொளுவும் இடத்தை உயர்த்தக் கூடாது.

6. இணைப்பு ஆணி உரிய தடிப்பில் இருக்க வேண்டும். அதற்குப் பூட்டு ஊசி போடுங்கள். கம்பியோ மரக்குச்சியோ போதாது. பாதுகாப்புச் சங்கிலியையும் மாட்டுங்கள்.

பாதி நிரப்ப வேண்டாம்

ஏற்றம் கடினம் என்று பாதித் தண்ணீரோடு வருவது பாதுகாப்பாகத் தோன்றலாம். உண்மையில் பாதித் தாங்கியில்தான் தண்ணீர் அதிகம் அலையும். வளைவில் அது ஒரு பக்கம் மோதினால் பவுசர் கவிழும். பாரத்தைக் குறைக்க வேண்டுமானால் சிறிய தாங்கிகளை விளிம்புவரை நிரப்பி, மூடி, கட்டிக் கொண்டுவாருங்கள். இறக்கத்தில் இறங்கத் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியரில் போடுங்கள். நடுவழியில் கிளச்சை மிதித்து உருளவிட வேண்டாம்.

குடும்பங்கள் செய்யக்கூடியது

பவுசர் ஏற்றத்துக்கு வருமுன் பக்கத்தில் நின்று ஒருமுறை பாருங்கள். தாங்கி மட்டமாக இருக்கிறதா? கீழ்ச் சட்டத்தில்தான் கொளுவியிருக்கிறதா? ஊசியும் சங்கிலியும் இருக்கின்றனவா? ஒன்றாவது இல்லையென்றால், "கீழேயே நிறுத்துங்கள், நாங்கள் வந்து எடுக்கிறோம்" என்று சாரதியிடம் சொல்லுங்கள். குடத்தோடு இறங்கி ஏறுவது சிரமம்தான்; ஆனாலும் அதுவே நல்லது. முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இளைஞர்கள் சுமந்து கொடுக்கலாம்.

சிறுவர்களை டிரக்டரின் மட்கார்டிலோ பவுசரின் கையிலோ ஏற விடாதீர்கள். பின்னால் ஓடிவரவும் விடாதீர்கள்.

பாதையில் வெடிப்போ புதிய மண்சரிவோ கண்டால் பவுசரை நிறுத்தி, கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். எவருக்காவது காயம் ஏற்பட்டால் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.